நினைவுத் திருப்பலியை நேரலையில் அனுப்ப: எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் உறவு முழுவதும் பக்கத்து லயங்களிலிருந்தே வந்து சேர்ந்த காலம் மலையேறிவிட்டது. 1964ஆம், 1974ஆம் ஆண்டுகளில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் வாழ்கிறார்கள். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனவர்கள் காடு வெட்டிக் கமக்காரர்களானார்கள். போர்க்காலத்தில் அந்தக் காணிகளையும் விட்டு ஓடி, 2009க்குப் பிறகு திரும்பி வந்து மறுபடியும் விதைத்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள், நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் இன்னும் பல குடும்பங்களை லயத்திலிருந்தும் மரக்கறித் தோட்டத்திலிருந்தும் எழுப்பிவிட்டன. கொழும்புக் கடைகளில் நிற்கும் பையன்களையும் வளைகுடா வீடுகளில் வேலை செய்யும் தாய்மாரையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவேதான், "சாமி, பூசையை லைவ்ல போட ஏலுமா?" என்ற கேள்வி இன்று பங்கு மனைக்கு அடிக்கடி வருகிறது. 31ஆம் நாள் திருப்பலிக்குக் கேட்கிறார்கள். ஆண்டுத் திருப்பலிக்குக் கேட்கிறார்கள். சைவக் குடும்பங்கள் பதினாறாம் நாள் கருமாதிக்கும் கேட்கின்றன. அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: "எந்தக் கமெரா வாங்கினால் நல்லது?" அதற்கு விடை சொல்லும் முன்னர், தொலைவில் இருப்பவர்களுக்கு இந்த ஒளிபரப்பு எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை நாம் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, புதையுண்டவர்களில் பலரது உடல்கள் மீட்கப்படவில்லை. டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். காணாமற் போனவர்கள் அதற்கு மேல். இப்படிப்பட்ட வீட்டாருக்கு அடக்கமும் இல்லை, மண் அள்ளிப் போடக் குழியும் இல்லை. பீடத்தின் முன் நின்று ஒருவர் அந்தப் பெயரை வாய்விட்டு வாசிக்கும் நினைவு வழிபாடுதான் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே அடக்கம். மற்றவர்களுக்குக் கல்லறை இருந்தாலும் அதனருகே போக வழியில்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கீழே பழைய மஸ்கெலியா நகரே கிடக்கிறது. நீர் வற்றும் காலங்களில் கோயிலின் இடிபாடுகள் மேலே தெரிகின்றன. ஊர் இழந்தவர்கள் நினைவை எங்கே வைத்துக் கும்பிடுவது என்ற கேள்வி மலையகத்துக்குப் புதிதல்ல.

தொலைவிலிருப்பவர் கேட்க விரும்புவது அந்தப் பெயரை. மன்றாட்டின் வார்த்தையை, பாடலை, ஒப்பாரியைக் கேட்க விரும்புகிறார். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்வார். சத்தம் கேட்காவிட்டால், ஐந்து நிமிடத்தில் தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு அழுவார். ஆகவே நாம் சொல்வது இதுதான்: உங்களிடம் இருக்கும் காசில் முதல் பங்கை ஒலிவாங்கிக்கு வையுங்கள். அடுத்தது முக்காலிக்கு. கமெராவைப் பற்றி அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் பேசலாம்.

ஏன் ஒலிவாங்கி? தொலைபேசிக்குள் இருக்கும் மைக், முகத்துக்கு அருகே பேசுவதற்காகச் செய்யப்பட்டது. கோயிலின் நடுவில் அதை நிறுத்தினால், பத்து மீற்றர் தள்ளி நிற்கும் குருவின் குரலைவிடப் பக்கத்து வாங்கில் இருமுபவரின் சத்தம் பலமாகப் பதியும். நமது தோட்டத்துக் கோயில்கள் பலவற்றுக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் உள்ளே இருப்பவருக்கே பிரசங்கம் கேட்காது. தொலைபேசிக்கு எப்படிக் கேட்கும்? இதற்குச் செலவில்லாத பரிகாரம் ஒன்று உண்டு. கோயிலில் ஒலிபெருக்கி இருந்தால், தொலைபேசியை அதற்கு இரண்டு மூன்று மீற்றர் அருகே நிறுத்துங்கள். நேர் முன்னால் வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில். இது ஒன்றே பாதிக் குறையைப் போக்கிவிடும்.

சிறிது செலவழிக்க முடிந்தால், சட்டையில் குத்திக்கொள்ளும் வயர் மைக் ஒன்று வாங்கலாம். காலர் மைக் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். போயா நிறுவனத்தின் பி.வை. எம்1 என்ற மாதிரி நமது நகரக் கடைகளுக்கும் தெரிந்தது. அதன் வயர் 6 மீற்றர் நீளம். உள்ளே பொத்தான் போன்ற சிறு மின்கலம் ஒன்று இருக்கிறது. கமெராவுக்கும் தொலைபேசிக்கும் மாற்றும் சுவிட்சும் இருக்கிறது. தொலைபேசியில் இணைக்கும்போது அந்தச் சுவிட்சைத் தொலைபேசிப் பக்கம் தள்ள மறந்துவிட வேண்டாம். மைக்கைக் குருவின் உடையில் குத்துவதைவிட, வாசகம் படிக்கும் மேடையில் கட்டிவைப்பது நல்லது என்பது எமது எண்ணம். குரு நடமாடுவார், வயர் காலில் சிக்கும். மேடையில் இருந்தால் வாசகம், மறையுரை, மன்றாட்டு, பெயர் வாசிப்பு எல்லாம் ஒரே இடத்திலிருந்து தெளிவாகக் கேட்கும்.

அதையும் வாங்க வசதி இல்லையென்றால், தொலைபேசியோடு வந்த வயர் உள்ள ஹேண்ட்ஸ்ஃப்ரீயைத் தேடி எடுங்கள். அதன் வயரில் உள்ள சிறு குமிழில் மைக் இருக்கிறது. அந்தக் குமிழை வாசக மேடையில் ஒட்டிவிட்டால், அதுவே ஏழையின் காலர் மைக். வயரின் நீளம் போதாது. நீட்டிப்பு வயர் வாங்க வேண்டும். வாங்கும்போது பிளக்கின் முனையைப் பாருங்கள். அதில் மூன்று வளையக் கோடுகள் இருந்தால்தான் மைக்கின் சத்தம் கடந்து போகும். இரண்டு கோடுகள் உள்ள வயர் பாட்டுக் கேட்க மட்டுமே உதவும். புதிய தொலைபேசிகள் பலவற்றில் வட்டத் துளையே இல்லை. சார்ஜ் போடும் துளையில் செருகும் மாற்றி ஒன்று தேவைப்படும். அதிலும் கேட்க மட்டும் உதவுபவை உண்டு. கடையிலேயே மைக்கைச் செருகி, ஒரு நிமிடம் பேசிப் பதிந்து, திருப்பிக் கேட்ட பிறகே காசைக் கொடுங்கள். பேசும்போது மைக்கை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் பலமாகப் பதிந்திருந்தால் மைக் வேலை செய்கிறது. மெதுவாகப் பதிந்திருந்தால், பதிந்தது தொலைபேசியின் சொந்த மைக்.

கோயிலின் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து நேரே தொலைபேசிக்கு வயர் இழுத்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்பார்கள். முடியும், மிகத் தெளிவான சத்தமும் அதுதான். ஆனால் மிக்சரின் பின்புறமிருந்து வரும் சத்தம், தொலைபேசியின் மைக் துளை தாங்கக்கூடியதைவிடப் பலமடங்கு வலியது. அப்படியே செருகினால் கரகரவென்று உடைந்து, ஒரு சொல்லும் விளங்காது. இடையில் சத்தத்தைக் குறைக்கும் சிறு பெட்டியோ, அதற்கென்று செய்த வயரோ வேண்டும். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவருக்கு இது தெரிந்திருக்கும். இன்னொன்று: இப்படி வயர் இழுத்திருக்கும்போது தொலைபேசியைச் சுவர் மின்சாரத்தில் சார்ஜ் போட்டால், பின்னணியில் உம்மென்ற ரீங்காரம் கேட்கும். சார்ஜை பவர் பேங்கிலிருந்து எடுத்தால் அந்த ரீங்காரம் நின்றுவிடும்.

வயர் இல்லாத சிறு மைக்குகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. கல்லறையில் நடந்தபடி செபிக்கும்போது அவை மிக வசதியானவை. ஆனால் அனுப்பும் துண்டு, வாங்கும் துண்டு இரண்டுக்கும் தனித்தனியே சார்ஜ் வேண்டும். சனம் நிறைந்த இடத்தில், மனித உடல்களே அதன் அலையை மறித்துவிடும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நாம் வயர் மைக்கையே வாங்கச் சொல்வோம். மழைக்கும் குளிருக்கும் அது அசையாது.

முக்காலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆள் உயரத்துக்கு எழும்ப வேண்டும். தொலைபேசியைப் பிடிக்கும் கிடுக்கி இறுக்கமாக இருக்க வேண்டும். அடியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் காற்றுக்குச் சாயாது. தொலைபேசியைப் படுக்கையாக வையுங்கள். முன்பக்கக் கமெராவை விட்டுப் பின்பக்கக் கமெராவால் எடுங்கள். பொதுவாக அதுவே நல்லது. பீடத்துக்குப் பின்னால் சன்னல் இருந்தால், குருவின் முகம் கருநிழலாகத்தான் தெரியும். ஒரு துணியைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறையுங்கள். முடியாவிட்டால் முக்காலியைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள்.

இனி, நமது மலைகளில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விடயத்துக்கு வருவோம்: சிக்னல். ஹட்டன், தலவாக்கலை போன்ற நகரங்களில் இது பெரிய பிரச்சினை அல்ல. பொகவந்தலாவைப் பக்கத்தில், மஸ்கெலியாப் பக்கத்தில், பள்ளத்தில் இருக்கும் டிவிசன்களில் நிலைமை வேறு. கோபுரத்திலிருந்து வரும் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் வரும். இடையில் மலை நின்றால் அந்த மலையின் பின்புறம் நிழல்தான். ஒரே தோட்டத்தில் மேட்டு லயத்துக்கு ஒரு கம்பனி எடுக்கும். பள்ளத்து லயத்துக்கு வேறு கம்பனி எடுக்கும். ஆகவே சிம்மை விளம்பரம் பார்த்து வாங்காமல், கோயில் வாசலில் நின்று பார்த்து வாங்குங்கள். இன்னொருவரின் சிம்மை ஒரு மணி நேரம் இரவல் வாங்கிச் சோதிப்பதில் வெட்கம் எதுவுமில்லை.

வேகத்தைச் சோதிக்கும் செயலிகள் இரண்டு எண்களைக் காட்டும். பெரிய எண், இறங்கும் வேகம். அதைப் பார்த்து மகிழ வேண்டாம். நாம் அனுப்புகிறவர்கள், நமக்கு வேண்டியது ஏறும் வேகம். கையடக்கமான படத்துக்கு நொடிக்கு 1 மெகாபிட் போதும். தெளிவான படத்துக்கு 2.5 மெகாபிட் தேவை. சோதனையில் காட்டும் ஏறும் வேகம் அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். ஏனெனில் அது நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். டேட்டாச் செலவையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் அனுப்பினால் 450 மெகாபைட் போகும். 2.5 மெகாபிட்டில் 1,100 மெகாபைட்டைத் தாண்டும். ரீலோட் போட முன்னர் இந்தக் கணக்கைப் போட்டால், திருவிருந்து நேரத்தில் படம் நின்றுபோகாது.

சோதனையை வெறும் கோயிலில் செவ்வாய்க்கிழமை செய்து பயனில்லை. ஞாயிறு, சனம் கூடும் நேரத்திலேயே செய்யுங்கள். சாவு வீட்டுக்கு முந்நூறு பேர் வந்து, அதில் நூறு பேர் தொலைபேசியில் படம் அனுப்பினால், ஒரே கோபுரத்தில் நெரிசல் உண்டாகிறது. "நிகழ்வு நேரலையில் போகிறது, தயவுசெய்து உங்கள் டேட்டாவை நிறுத்தி வையுங்கள்" என்று உபதேசியார் தொடக்கத்திலேயே ஓர் அறிவித்தல் கொடுக்கலாம்.

சிக்னல் வாசலில் நன்றாகவும் பீடத்தருகே மோசமாகவும் இருப்பது வழக்கம். அதற்கு இரண்டு தொலைபேசிகளைப் பயன்படுத்துங்கள். ஒன்றைச் சன்னல் விளிம்பில், சிக்னல் எடுக்கும் இடத்தில் வைத்து ஹொட்ஸ்பொட் போடுங்கள். படம் எடுக்கும் தொலைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றி, அதன் வைஃபையை மட்டும் திறந்து முதலாவதோடு இணையுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. படம் எடுக்கும் தொலைபேசிக்கு அழைப்பு வராது. அழைப்பு வந்து நேரலை நடுவில் அறுவது நாம் அடிக்கடி காணும் காட்சி. இரங்கல் சொல்ல எடுப்பவரே இரங்கலைக் குழப்பிவிடுகிறார்.

ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் 2025 யூலையில் இலங்கைக்கு வந்தது. கோபுரமே எட்டாத தோட்டத்துக்கும் அது எட்டும். திறந்த வானமும் தடையில்லா மின்சாரமும் இருந்தால் போதும். ஆனால் ஒரு குடும்பம் தாங்கும் செலவல்ல அது. பல கோயில்களும் பாடசாலையும் கூடிப் பங்கிட்டால் ஒருவேளை ஆகலாம். அந்த வசதி வரும் வரை, சிக்னலே இல்லாத கோயில்களுக்கு நமது ஆலோசனை எளியது: நேரலையை விடுங்கள். முழுவதையும் நல்ல ஒலியோடு பதியுங்கள். அன்று மாலையே ஒரு பையன் சந்திக்குப் போய் அங்கிருந்து அனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் 2 ஜிகாபைட் வரையிலான கோப்புப் போகும். சிக்னல் உள்ள கோயிலிலும், இரண்டாவது தொலைபேசியொன்றில் தனியே பதிவு செய்து வைப்பதே புத்தி. பதிவு கையில் இருந்தால், நேரலை அறுந்தாலும் குடும்பத்துக்கு ஒன்றும் தொலைந்துபோகாது.

மின்சாரமும் மழையும் பற்றி. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இப்போது அப்படி இல்லை. ஆனாலும் காற்றுக்கு மரம் விழுந்து கம்பி அறுவது நமது மலைகளில் வழமையான விடயம். 10,000 அளவுள்ள பவர் பேங்க் ஒன்று தொலைபேசியை ஒரு திருப்பலிக்கும் அடக்கத்துக்கும் தாராளமாகத் தாங்கும். நுவரெலியாப் பக்கத்துத் தை, மாசிக் குளிரில் மின்கலம் வழமையைவிட வேகமாக இறங்கும். தொடங்கும் வரை தொலைபேசியைச் சட்டைக்குள் வைத்திருங்கள். வெளியே குளிரில் இருந்த தொலைபேசியைச் சனம் நிறைந்த கோயிலுக்குள் கொண்டுவந்தால், கண்ணாடியில் பனி படியும். கால் மணி நேரம் முன்னதாகவே உள்ளே வைத்து, மென்மையான துணியால் துடையுங்கள். கல்லறையில் மழைக்கு ஒருவர் குடை பிடித்தால் போதும். மைக்கின் தலையில் பஞ்சு உறை இல்லாவிட்டால், காற்றின் சத்தம் செபத்தை விழுங்கிவிடும்.

எதன் வழியாக அனுப்புவது என்பதும் கருவியைத் தெரிவு செய்வதைப் போன்றதுதான். ஆகவே அதையும் சொல்லிவிடுகிறோம். வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். சிறு குடும்பத்துக்கு அது போதும். இரு பக்கமும் பேசிக்கொள்ளவும் முடியும். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. துபாயில் இருக்கும் மகள் அதில் சேர முடியாது. சூம் இலவசமாகப் பயன்படுத்தினால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும்; நமது திருப்பலி அதற்குள் முடிவதில்லை. முகநூல் எல்லோருக்கும் பழக்கமானது. ஆனால் கணக்குத் தொடங்கி 60 நாளாகி, 100 பேராவது பின்தொடர்ந்தால்தான் அது நேரலைக்கு இடம் தருகிறது. அத்தோடு 2025 பெப்ரவரியிலிருந்து நேரலைப் பதிவுகளை 30 நாட்களில் அது அழித்துவிடுகிறது. இதைக் கவனியுங்கள்: அடக்கத்தன்று அனுப்பிய காட்சி, சரியாக 31ஆம் நாள் திருப்பலிக்கு உறவினர் கூடும்போது அங்கே இருக்காது. முகநூலில் அனுப்புவோர், அதற்குள் அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

யூடியூப் எமக்கு விருப்பமானது. அங்கே பதிவு நிலைத்திருக்கும். இணைப்பு கையில் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி மறைத்தும் வைக்கலாம். தொலைபேசியிலிருந்து அதில் நேரலை செய்ய 50 சந்தாதாரர் வேண்டும். முதல்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகும். மரணம் அறிவித்துக்கொண்டு வருவதில்லை. ஆகவே பங்கின் பெயரில் ஒரு கணக்கை இன்றே திறந்து, சோதனை ஒளிபரப்பு ஒன்றும் செய்து வையுங்கள். இரண்டு தளங்களிலும் இறுவட்டுப் பாடலை ஒலிக்கவிட்டால், உரிமைப் பிரச்சினை என்று சத்தத்தை அடைத்துவிடக்கூடும். நமது பாடகர் குழு நேரே பாடட்டும். சுருதி சற்று விலகினாலும் பரவாயில்லை.

பெரிய கமெரா, மடிக்கணினி, நான்கு பக்கக் காட்சி, வானத்தில் பறக்கும் ட்ரோன் என்று பொதியாக விற்க வருவோர் உண்டு. நகரத்துப் பெரிய கோயிலுக்கு, நல்ல கம்பி இணையம் இருந்தால், கமெராவும் மடிக்கணினியும் பொருந்தலாம். ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருள் அதற்குப் போதும். ஆனால் கமெராவின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரத் தனிக் கருவி வேண்டும். அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ட்ரோனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதைப் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, அழுகின்ற மனிதரின் தலைக்கு மேல் இயந்திரம் இரைவது நமக்கு ஏற்கவில்லை.

இங்கே நமக்குக் கவலை தருவது கருவியைவிடக் கடன்தான். ஊரை விட்டு எழுப்பப்பட்டு, தற்காலிகக் கூடாரத்திலோ உறவினர் வீட்டிலோ இருக்கும் குடும்பம், அடக்கச் செலவுக்கே கைமாற்று வாங்கியிருக்கும். அதற்கு மேல் வீடியோக்காரருக்கும் கடன்படுவதா? வயர் மைக்கும் முக்காலியும் பவர் பேங்கும் சில நாட்கூலிக்குள் அடங்கும். கமெராப் பொதி பல மாதச் சம்பளம். தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன. கதிரை, கூடாரம், பாத்திரம் வாங்கிப் பொதுவில் வைத்திருக்கும் சங்கத்துக்கு, இந்த மூன்று பொருளும் இன்னொரு பெட்டிதான். பிஸ்கட் டின் ஒன்றில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிறு பைகளை உள்ளே போட்டு மூடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பவர் பேங்கைச் சார்ஜ் போட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று கொப்பியில் எழுதுங்கள். இயக்கப் பழகுபவர்களில் ஒரு பெண்பிள்ளையாவது இருக்கட்டும்; பெண்கள் சூழ்ந்து அழும் இடத்தில் கமெராவோடு நிற்க ஒரு பையனைவிட அவளே பொருத்தம். சைவர், கத்தோலிக்கர், சபைக்காரர் என்ற வேறுபாடு அந்தப் பெட்டிக்கு வேண்டாம்.

திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டிலேயே, வழிபாட்டை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அனுப்புவது விவேகத்தோடும் மாண்போடும் நடக்க வேண்டும், ஆயர்கள் நியமித்த தகுந்தவரின் பொறுப்பில் நடக்க வேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. நமது நாட்டிலும் இது அனுபவத்தில் வந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் கோயில்கள் மூடியிருந்தபோது, அடுத்த ஞாயிறு கர்தினால் மல்கம் ரஞ்சித் தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத்தான் மக்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். 2020இல் கொரோனாக் காலத்தின் உயிர்ப்பு விழாவும் அவ்வாறே கழிந்தது. நோயில் படுத்திருந்த புனித கிளாரா, கோயிலுக்குப் போக முடியாமல், நள்ளிரவுத் திருப்பலியைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்ற மரபைக் கொண்டு, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக்கினார். போக முடியாதவர்களுக்கானதே இந்த ஏற்பாடு. கோயில் வாசலுக்குப் பக்கத்து லயத்தில் இருப்பவர் போர்வைக்குள்ளிருந்து பார்ப்பதற்காக அல்ல.

மாண்பு என்பதைச் சில நடைமுறைகளாகச் சொல்கிறோம். குடும்பத்தின் மூத்தவரிடம் கேட்காமல் ஒளிபரப்ப வேண்டாம். கமெரா பீடத்தையும் வாசக மேடையையும் பார்க்கட்டும். மயங்கி விழும் தாயின் முகத்தை அருகே இழுத்துக் காட்ட வேண்டாம். மண்சரிவில் இறந்தவரின் உடலைக் காட்டவே வேண்டாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இறந்தவரின் படத்தைத் திருடிப் போட்டு, "நேரலை இங்கே" என்று பொய் இணைப்புக் கொடுத்து, பார்க்கக் காசோ வங்கி அட்டை இலக்கமோ கேட்கும் மோசடி பல நாடுகளில் நடக்கிறது. நினைவுத் திருப்பலி பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. குடும்பத்தவர் நேரே அனுப்பிய இணைப்பை மட்டும் திறவுங்கள்.

வன்னியிலும் முகாம்களிலும் இருந்து பார்ப்போருக்கு. வீட்டுக்கு வீடு தனித்தனியே பார்த்து டேட்டாவைச் செலவழிக்காமல், ஒரு வீட்டில் கூடுங்கள். ஒரு தொலைபேசி, அதோடு ஒரு சிறு ஸ்பீக்கர், முன்னால் ஒரு மெழுகுதிரி. படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும், சத்தம் குறையாது. நேரலை சில நொடிகள் முதல் அரை நிமிடம் வரை பிந்தித்தான் வரும். ஆகவே தூரத்து மகன் ஒருவர் மன்றாட்டுச் சொல்ல விரும்பினால், அதை நேரலையில் எதிர்பார்க்க முடியாது. அவரைச் சாதாரணத் தொலைபேசி அழைப்பில் எடுத்து, அந்தத் தொலைபேசியை வாசக மேடையின் மைக்கருகே பிடிக்க வேண்டும். அப்போது அவர் தம் பக்கத்து நேரலையின் சத்தத்தை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் குரலே அவருக்குத் திரும்பி வந்து பேச்சைத் தடுமாற வைக்கும். வளைகுடாவில் இருப்போருக்கு நேரத்தைச் சரியாக எழுதி அனுப்புங்கள். இங்கே காலை 9 மணி என்றால் துபாயில் 7.30, குவைத்திலும் கத்தாரிலும் 6.30. அந்த நேரத்தில் வீட்டு வேலையிலிருந்து விடுபட முடியாதவர், பதிவை இரவில் பார்ப்பார்.

நவம்பர் 2ஆம் திகதி, இறந்த விசுவாசிகள் தினத்துக்கு, தோட்டத்துக் கல்லறைகளை மந்திரித்து நேரலை செய்ய விரும்பும் பங்குகள் அதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஒக்டோபர், நவம்பரில் நமது மலைகளில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். இடி கேட்டால் முக்காலியை மடக்கிவிட்டுக் கூரைக்குக் கீழே வந்துவிடுங்கள். யாருடைய கல்லறை எங்கே என்று, தூரத்துக் குடும்பங்களிடமிருந்து பெயர்களை ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் எழுத்தில் வாங்கி வையுங்கள். கல்லறையே இல்லாதவர்களின் பெயர்களைத் தனித் தாளில் எழுதி, சிலுவையடியில் நின்று முதலில் வாசியுங்கள். தொடக்கத்தில்தான் தொலைபேசியின் மின்கலமும் சிக்னலும் நிறைவாக இருக்கும்.